ஆம்பூரில் ரெக்சின் செருப்பு போட்டவர்

ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் வேலையும் பார்த்துக்கொண்டு, காலில் ரெக்சின் செருப்பும் இடுப்பில் நைலான் பெல்ட்டும் சட்டைப்பையில் பிளாஸ்டிக் பர்ஸுமாக ஒரு மனிதர் இருபத்தைந்து வருடம் நடமாடினால் ஊர் சும்மா விடுமா? விடவில்லை. தோல் வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றார்கள் சிலர். அப்படியென்றால் அந்த ஊரில் மூச்சே விட்டிருக்க முடியாது. கஞ்சன் என்றார்கள் சிலர். கம்பெனி வருடத்துக்கு ஒரு ஜோடி இலவசமாகவே கொடுத்தது. அதையும் அவர் பெட்டி பிரிக்காமல் யாருக்காவது கொடுத்துவிடுவார்.

"இன்னா சார்ஜன்ட், தோலுக்கும் உனக்கும் வரப்புத் தகராறா?" என்று கட்டிங் மாஸ்டர் அதாவுல்லா வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். "ஒவ்வொரு ரம்ஜானுக்கும் சொல்றேன், காலைக் காட்டு, என் கையால ஒரு ஜோடி வெட்டித் தரேன்னு. காட்டுறியா நீ?"

"உடு பாய், எனக்கு இதுவே ஜாஸ்தி" என்பார் இன்பராஜ்.

சார்ஜன்ட் என்றது கிண்டலுக்கு இல்லை. இன்பராஜ் விமானப்படையில் இருபது வருடம் இருந்து, நிஜமாகவே சார்ஜன்ட்டாக வெளியே வந்தவர். போர் விமானத்தின் உடம்பைக் கவனித்துக்கொள்ளும் மெக்கானிக். ஊருக்குத் திரும்பியதும் ஷூ கம்பெனியில் அவரிடம் ஊசி ரிஜிஸ்டரைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். தையல் மிஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி. ஏற்றுமதி ஷூ, வெளிநாட்டுக் குழந்தையின் காலில் குத்திவிடக் கூடாது அல்லவா? மற்ற கம்பெனிகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இன்பராஜிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒருமுறை அரிசிக் குருணை அளவு ஊசி முனை ஒன்று கிடைக்கவில்லை என்று மூன்று மணி நேரம் லைனை நிறுத்திவிட்டார். மேனேஜர் நயீம் அகமது வந்து தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு ஷூவின் உள்துணியில் அது கிடைத்தது. அதற்குப் பிறகு நயீம் அகமது அவர் பக்கம் சத்தம் போட்டதில்லை.

இந்த எண்ணி எண்ணிப் பார்க்கிற புத்தி, தோலைத் தொடாத வீம்பு, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதை ஒளித்து வைப்பானேன்? இப்போதே சொல்லிவிடலாம். தன் கையால் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோம் என்று இன்பராஜ் முப்பத்தெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

நடந்தது எண்பத்தேழாம் வருடம். கிழக்கே ஒரு விமானதளம். எழுபத்தொன்று பாகிஸ்தான் போரில் பறந்த ரஷ்ய மிக் ரகப் போர் விமானங்கள் அப்போதும் அங்கே பறந்துகொண்டிருந்தன. அவற்றை வால் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இன்பராஜ் பார்த்துக்கொண்டது நாற்பத்திரண்டை. அதை அதிகமாக ஓட்டியவர் ஃப்ளைட் லெப்டினன்ட் தத்தா. இருபத்தாறு வயசு, வாய் நிறையச் சிரிப்பு. பைலட் சீட்டுக்கு இடது கைப்பக்கம் உள்ள மூடித் தகடு பறக்கும்போது கடகடவென்று ஆடுகிறது, தலைவலியாக இருக்கிறது என்று தத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு வைக்க வேண்டிய ரப்பர் பட்டை ஸ்டோரில் இல்லை. எழுதி அனுப்பினால் வரும் வரும் என்றார்களே தவிர வரவில்லை.

இன்பராஜின் அப்பா ஆசீர்வாதம் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் உழைத்தவர். அந்த வீட்டில் எது ஆடினாலும் மருந்து ஒன்றுதான். கதவு ஆடினால் கீலுக்கடியில் ஒரு தோல் துண்டு. கட்டில் ஆடினால் காலுக்கடியில் ஒரு தோல் துண்டு. தையல் மிஷின், சைக்கிள் மணி, குழம்புச் சட்டி மூடி, எல்லாவற்றிலும் தோல். வேறு ஊர்ப் பையனாக இருந்தால் துணியைச் சுற்றியிருப்பான், இல்லை கையைக் கட்டிக்கொண்டு ரப்பருக்குக் காத்திருப்பான். ஆம்பூர்ப் பையன் என்ன செய்வான்? அப்பா கொடுத்தனுப்பிய ஆட்டுத்தோல் பையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டினான். தகட்டின் உள்பக்கம் வைத்து, மெழுகு நூலில் அப்பா போடுகிற இரட்டை முடிச்சைப் போட்டான். திரும்ப மாட்டினான். மறுநாள் தத்தா இறங்கி வந்து முதுகில் தட்டி, "சத்தமே இல்லை, என்ன மந்திரம் போட்டாய்?" என்றார்.

ஆனால் செய்த வேலையை விமானத்தின் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது அங்கே வேத வாக்கு. எழுதியிருந்தால், அனுமதி இல்லாத பொருளை ஏன் வைத்தாய் என்று தோலை உரித்திருப்பார்கள். அதனால் இன்பராஜ் எழுதவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தார். "ஆம்பூர் ஷூ என்று சொல்கிறாயே, எட்டாம் நம்பரில் ஒன்று வாங்கி வா" என்று தத்தா சொல்லி அனுப்பியிருந்தார். டிசம்பர் ஒன்பதாம் தேதி நாற்பத்திரண்டு விழுந்தது. தத்தா தப்பவில்லை. இன்பராஜ் ஷூப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தளத்து வாசலில் இறங்கியபோதுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

விமானம் எரிந்து போயிருந்தது. விசாரணை நடந்தது. இன்பராஜை யாரும் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாளில் வேறு தளத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஆனால் தோலைப் பற்றித் தோல்காரன் மகனுக்குத் தெரியாதா? ஈரம் பட்டால் ஊறும், காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் நூல் தளரும். அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியின் தண்டு ஓடுகிறது. பட்டை கழன்று அந்தத் தண்டில் சிக்கியிருந்தால்? ஆண்டவரே! அந்த 'சிக்கியிருந்தால்' அவர் நெஞ்சிலேயே சிக்கிக்கொண்டது. ஷூவை யாருக்கோ கொடுத்தார். தோல் பையைக் குப்பையில் போட்டார். அதற்குப் பிறகு அவர் தோல் எதையும் உடம்பில் போட்டதில்லை.

மனைவி ஹெலனுக்குக்கூட இது தெரியாது. கல்யாணத்தின்போது மாமனார் ஆசையாகத் தைத்துக் கொடுத்த ஷூவை வேண்டாம் என்றார். அந்த வருத்தம் ஹெலனுக்கு இன்னும் உண்டு. ஒவ்வொரு டிசம்பரிலும் சர்ச்சில் இன்பராஜ் ஒரு ஜெபச் சீட்டு கொடுப்பார். 'ஒரு குடும்பத்துக்காக' என்று மட்டும் எழுதியிருக்கும். யார் அந்தக் குடும்பம் என்று ஹெலன் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் இந்த வருடம் நயீம் அகமது அவரைக் கூப்பிட்டார். வாலாஜாபேட்டை தாண்டி, காவேரிப்பாக்கம் போகிற வழியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அதன் வாசலில் நிறுத்தி வைக்க ஓய்வு பெற்ற போர் விமானம் ஒன்று வந்திருக்கிறது. பைலட் சீட்டின் மெத்தையை எலி கடித்துவிட்டது. அதற்கு நல்ல தோலில் உறை போட்டுத் தருவதாக நயீம் அகமது ஒப்புக்கொண்டிருந்தார்.

"அளவு எடுக்க அதாவுல்லா போறாரு. நீங்களும் போய்ட்டு வாங்க. அந்த சாமானுக்குள்ள எங்க கை வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"வேற ஆளை அனுப்புங்க சார்."

"வேற ஆளு யாரு இருக்கான் ஆம்பூர்ல, மிக் விமானத்துல ஏறி இறங்குனவன்?"

கடைசியில் கிளம்பினார். கம்பெனி வேனில் வழி நெடுக அதாவுல்லா பேசிக்கொண்டே வந்தார். சத்துவாச்சாரியில் டீ குடிக்க நிறுத்தியபோது இன்பராஜ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார்.

"இன்னா, உடம்பு சரியில்லையா? மூஞ்சே பேஜாரா கீதே."

"ஒண்ணுமில்ல பாய். வண்டிய எடுக்கச் சொல்லு."

காலேஜ் வாசலில் விமானம் இன்னும் தூணில் ஏற்றப்படாமல் தரையில் நின்றது. பக்கத்தில் ஓர் ஏணி. விமானப்படையிலிருந்து வந்திருந்த குழுவுக்குத் தலைவர் வாரன்ட் ஆபீசர் தணிகைவேல், குடியாத்தத்துக்காரர். இன்பராஜ் முன்னாள் சார்ஜன்ட் என்றதும் விறைப்பாகக் கை குலுக்கி, அப்புறம் சொந்தக்காரரைப் போலச் சிரித்தார்.

ஏணிக்குப் பக்கத்தில் விமானத்தின் சரித்திரத்தை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். எந்த வருடம் படையில் சேர்ந்தது, எழுபத்தொன்று போரில் எத்தனை முறை பறந்தது, பிறகு எந்தெந்தத் தளத்தில் இருந்தது, இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் எப்போது கடைசியாக இறங்கியது என்று வரிசையாக இருந்தது. நடுவில் ஒரு வரியில் இன்பராஜின் கண் நின்றது. எண்பத்து நான்கிலிருந்து தொண்ணூற்றொன்று வரை அவருடைய அதே தளம். நிமிர்ந்து வாலைப் பார்த்தார். முப்பத்தெட்டு! நாற்பத்திரண்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. தத்தா இதையும் ஓட்டியிருக்கிறார்.

திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது அவருக்கு. ஆனால் அதாவுல்லா அதற்குள் ஏணியில் பாதி ஏறி, "வா வா" என்றார்.

இன்பராஜ் கையில் இருந்ததை எண்ணினார். ஸ்க்ரூடிரைவர் ஒன்று, டார்ச் ஒன்று, அளவு டேப் ஒன்று. தணிகைவேல் அதைக் கவனித்துத் தலையாட்டினார். இன்பராஜ் மேலே போய் உள்ளே இறங்கினார். அந்த இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் கண் கலங்கியது. மெத்தையின் இடது ஓரம் மூடித் தகட்டில் மாட்டியிருந்தது.

"அதைக் கழட்டிக்குங்க சார்" என்றார் தணிகைவேல் கீழேயிருந்து.

நான்கு திருகாணி. நான்கையும் எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தகட்டை எடுத்துத் திருப்பினார்.

உள்பக்கம் மஞ்சள் பெயின்ட்டில் 42 என்று இருந்தது.

ஒரு விமானத்தின் தகடு இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்று உள்பக்கம் அதனதன் நம்பரை எழுதி வைப்பார்கள். முப்பத்தெட்டில் நாற்பத்திரண்டின் தகடு எப்படி வந்தது? டார்ச்சை அடித்தார். நம்பருக்குக் கீழே, விரல் நீளத்துக்கு, காபிக் கொட்டை நிறத்தில் ஒரு தோல் பட்டை. மெழுகு நூல். இரட்டை முடிச்சு.

இன்பராஜின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இன்னாயா, பூரானா?" என்று அதாவுல்லா ஏணியில் தடுமாறினார். "கடிச்சிடுச்சா?"

இன்பராஜ் தகட்டை நீட்டினார். அதாவுல்லா வாங்கிப் பார்த்தார், கட்டை விரலால் நீவினார், மூக்கருகே கொண்டுபோனார். "அட! ஆட்டுத்தோலு. ஆவாரம்பட்டையில ஊறினது. இது நம்ம ஊர் சரக்காச்சே! ரஷ்யாக்காரன் விமானத்துக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

"நான் வச்சது பாய்."

அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் பூட்டி வைத்ததை, பைலட் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எலி கடித்த மெத்தை மேலேயே சொல்லித் தீர்த்தார். தத்தா சொன்னது, பட்டை வெட்டியது, எழுதாமல் விட்டது, ஷூப் பெட்டி, எல்லாம். தணிகைவேல் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. அனுமதி இல்லாத பொருளை வைத்து, புத்தகத்திலும் எழுதவில்லை என்று ஒருவர் சொன்னால் எந்த வாரன்ட் ஆபீசர் சிரிப்பார்?

"ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று போய், காலேஜ் ஆபீஸில் வைத்திருந்த தடித்த பைலைக் கொண்டுவந்தார். விமானத்தோடு கூடவே வருகிற அதன் பழைய பதிவுகள். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இன்பராஜுக்கு அந்தக் காகிதச் சத்தம் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை.

"எண்பத்தேழு டிசம்பர் தானே? இருக்குது சார். ஏழாம் தேதி. இடது பக்க மூடித் தகட்டில் விரிசல். நாற்பத்திரண்டிலிருந்து கழற்றிப் பொருத்தப்பட்டது. அடுத்த வரி, எட்டாம் தேதி. நாற்பத்திரண்டுக்கு ஸ்டோரிலிருந்து புதுத் தகடு வழங்கப்பட்டது." தணிகைவேல் நிமிர்ந்தார். "விழுந்தது என்னிக்கு? ஒன்பதாந்தேதி. அன்னிக்கு உங்க தோலு அந்த விமானத்துலயே இல்ல சார். இதுலதான் இருந்துச்சு."

அவசரத்துக்கு ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது விமானதளத்தில் தினமும் நடக்கிற வேலைதான். முப்பத்தெட்டு அன்று காலை பறந்தாக வேண்டும், நாற்பத்திரண்டு சும்மா நின்றது, அவ்வளவுதான். லீவில் இருந்த இன்பராஜுக்கு அதை யார் எழுதிப்போடுவார்கள்?

"இன்னொரு தரம் படிங்க" என்றார் இன்பராஜ்.

படித்தார்.

"இன்னொரு தரம்."

மூன்றாவது தரம் படித்து முடிப்பதற்குள் இன்பராஜ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயசு ஆள் அப்படி அழுது அதாவுல்லா பார்த்ததில்லை. ஏணியிலேயே நின்று, எட்டிக் கை போட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ தத்தா சார்... எதனால?" என்றார் இன்பராஜ் கடைசியில்.

"அது இந்த பைல்ல இல்ல சார். என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா உங்களால இல்ல. எங்க வேணா சத்தியம் பண்றேன்."

தத்தா போனது போனதுதான். ஆனால் இத்தனை வருடம் அவரை நினைக்கும்போதெல்லாம் இன்பராஜுக்குத் தன் கைதான் முன்னால் வந்து நிற்கும். இன்று முதல்முறையாகக் கை வரவில்லை. அந்தச் சிரிப்பு வந்தது, எட்டாம் நம்பர் ஷூ கேட்ட குரல் வந்தது. நல்ல மனுஷன், பாவி இப்படிப் போய்ட்டாரே என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

தணிகைவேல் தொண்டையைக் கனைத்தார். "இன்னொண்ணு சொல்லணும் சார். சொன்னா சிரிப்பீங்க. நானும் சின்ன வயசுலேர்ந்து இதே விமானத்துல வேலை பார்த்தவன். இந்தப் பட்டை ரஷ்யாக்காரன் வச்சதுன்னு நெனச்சு, வருஷா வருஷம் நானே தொடச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். கடைசி நாள் வரைக்கும் தகடு ஒரு சத்தம் போடலியே!"

எண்பத்தேழிலிருந்து பதின்மூன்று வரை, இருபத்தாறு வருடம்! கன்னமெல்லாம் ஈரமாக இருக்க, இன்பராஜுக்குச் சிரிப்பு பீறிட்டது. அதாவுல்லாவும் சேர்ந்துகொண்டார். காலேஜ் வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று கேட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

சிரிப்பு அடங்கியதும் இன்பராஜ் சொன்னார். "ஆனா எழுதாதது தப்புதான்."

"தப்புதான் சார்" என்றார் தணிகைவேல், விட்டுக்கொடுக்காமல்.

"பேனா குடுங்க."

"விமானமே ரிடையர் ஆய்டுச்சே சார், இனி எதுக்கு?"

"குடுங்க சார்."

பைலின் கடைசித் தாளில் கொஞ்சம் இடம் இருந்தது. அதை மடியில் வைத்து, பழைய பழக்கப்படி ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதினார். இடது மூடித் தகட்டின் உள்பக்கம் ஆட்டுத்தோல் பட்டை ஒன்று வைக்கப்பட்டது, அனுமதி பெறவில்லை, செய்த தேதி 14 நவம்பர் 1987. எழுதிய தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி. கீழே பெயர், படை எண், கையெழுத்து. முப்பத்தெட்டு வருடம் தாமதமான அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் தணிகைவேலும் மேற்பார்வைக் கையெழுத்துப் போட்டார். பிறகு தோலோடு அப்படியே தகட்டை மாட்டி, நான்கு திருகாணியையும் எண்ணி முடுக்கினார்கள்.

இறங்கி வந்து இறக்கை நிழலில் உட்கார்ந்து இன்பராஜ் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஹெலன், இந்த டிசம்பர் சீட்டுல பேர் எழுதிக் குடுக்கலாம்."

"எந்தப் பேருங்க? எங்க இருக்கீங்க? அழுவுறீங்களா?"

"இல்ல, இல்ல. வந்து எல்லாம் சொல்றேன். ஒண்ணும் விடாம சொல்றேன். உங்கப்பா தச்ச ஷூவை அன்னிக்கு வேணாம்னு சொன்னேன் பாரு, அதுக்கும் காரணம் சொல்றேன். நல்ல சேதிதான்மா."

"சரி, பதனமா வாங்க" என்றாள் ஹெலன். அவள் குரலும் உடைந்திருந்தது.

அதாவுல்லா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சீட் மெத்தையின் அளவைப் பழுப்புக் காகிதத்தில் வரைந்து முடித்திருந்தார். காகிதத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைத் திருப்பி, கையால் நீவி, இன்பராஜின் முன்னால் விரித்தார். பென்சிலால் தட்டினார்.

இன்பராஜ் ரெக்சின் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தார். பென்சில் குதிகாலில் தொடங்கி ஓரமாக வந்தது. சுண்டு விரலருகே வந்ததும் அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை, காலை இழுத்தார்.

"ஆடாதய்யா, கோணலா பூடும்" என்றார் அதாவுல்லா. "இருபத்தஞ்சு வருஷமா கேக்குறேன், இப்பத்தான் காட்டுறே. இன்னா சைஸு?"

"எட்டு" என்றார் இன்பராஜ்.